கனம் காணாது

முதல் கூட்டத்தில் என் வரைபடத்தை மேசையில் விரித்ததும், ஊர்க் கமிட்டிச் செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளில் இருந்ததிலேயே தடித்த கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இது என்னா மக்கா, கல்லு இவ்வளவு உள்ள வருது?”

எங்கள் ஊரில் ‘கல்லு’ என்று மொட்டையாகச் சொன்னால், கடலரிப்பைத் தடுக்கக் கரையோரம் அடுக்கியிருக்கும் பாறாங்கல் சுவர் என்று பொருள். அது எங்கே நிற்கிறது, எங்கே இடைவெளி விடுகிறது, எந்த இடைவெளி வழியாக வள்ளத்தை மேலே ஏற்றலாம் என்பதைப் பற்றித்தான் கடப்புறத்தில், அதாவது எங்கள் கடற்கரையில், பாதிப் பேச்சு நடக்கும்.

“அது கல்லு இல்ல மாமா. நெலத்துக்க எல்லைக்கோடு.”

“அப்போ எல்லையில மதிலு வருதா?”

“மதிலும் வரல்ல. தரையில அங்க ஒண்ணுமே இல்ல. சும்மா கோடுதான்.”

“சும்மா கோட்டுக்கு எதுக்கு மக்கா இவ்வளவு தடி?”

அந்தத் தடிமனை நான் வைக்கவில்லை. மென்பொருள் வைத்தது. எல்லைக்கோடு என்றால் அது தானாகவே இருப்பதிலேயே தடித்த பேனாவை எடுத்துக்கொள்ளும். அதை மாற்ற வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதும் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து, பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் அறையில் கமிட்டி கூடியிருந்தது. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் தரையில் ஒரு சமுதாயக்கூடம் கட்ட வேண்டும் என்பது ஊரின் நெடுநாள் எண்ணம். கல்யாணத்துக்கு ஆகும். ஆனி ஆடியில் கடல் வீட்டுக்குள் ஏறினால் ஆட்கள் வந்து தங்கவும் ஆகும். அந்த வேலை மார்த்தாண்டத்தில் நான் பார்க்கும் அலுவலகத்துக்குத் தானாக வரவில்லை. நான் கேட்டு வாங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள். கட்டடக்கலை முடித்த பிறகு திருவட்டாற்றிலும் சிதறாலிலும் பேச்சிப்பாறை போகும் வழியிலும் யார் யாருக்கோ வீடு வரைந்துவிட்டேன். என் ஊரில் என் கோடு ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது.

செயலாளர் கேட்ட கேள்வி சன்னல் வழியாக வெளியே போய்விட்டது. வெளியே போகும்போது அது கேள்வியாகவும் இல்லை. கல்லை உள்ளே தள்ளப் போகிறார்களாம், வள்ளம் ஏற்ற இடம் இல்லாமல் போகுமாம் என்று ஆகிவிட்டது. கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே எழுந்து வந்தார்கள். மணல் ஒட்டிய கால்களோடு அறை நிறைந்தது.

“எவம்லே கல்ல மாத்துகது?”

“ஒருத்தனும் மாத்தல. பிள்ளை கோடு போட்டிருக்கா, அவ்வளவுதான்.”

“கோடு போட்டா பெறவு கல்லு போடத்தானே செய்வான்.”

கமிட்டியில் இருக்கும் பெண்களில் ஒருவர், அம்மாவோடு சந்தையில் உட்காருகிற அக்கா, தாளைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பிப் பார்த்தார். “ஏட்டி, இது வலைய காயப்போட்ட மாதிரில்லா கெடக்கு. இதுல எங்கன கல்யாணம் நடத்த?”

எல்லாரும் சிரித்தார்கள். பங்குத்தந்தையான சாமியாரும் சிரித்துவிட்டு, பிறகு கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. “முந்தி கோயிலுக்குப் போட்ட பிளான் இன்னும் இங்க இருக்கு. அதுல சுவரு சுவராட்டு இருக்கும். இதுல ஒண்ணும் திரியல்ல” என்றார். திரியல்ல என்றால் புரியவில்லை. திருவிழாவுக்குப் பிறகு கமிட்டி மாறிவிடும். அதற்கு முன் ஊர் ஒத்துக்கொள்ளும்படி ஒரு பிளான் வந்தால் சரி, வராவிட்டால் திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறது, அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவானது. அடுத்த ஞாயிறு இன்னொரு முறை கொண்டுவர எனக்கு அனுமதி கிடைத்தது. செயலாளர் என் முகத்தைப் பார்த்து இரக்கத்தில் கொடுத்த அனுமதி அது. எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்பா கமிட்டியில் இல்லை. சன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் முன்னால் நடந்து போய்விட்டிருந்தார்.

*

கட்டட வரைபடம் என்பது எளிய விஷயம். கட்டடத்தை இடுப்புக்கு மேலே ஒரு மட்டத்தில் குறுக்கே அறுத்து, மேல்பாதியை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். நெய்மீனைத் துண்டம் போட்டால் வெட்டுமுகத்தில் முள்ளும் சதையும் தெரிவது போல, அறுபட்ட சுவர் தெரியும். அறுபட்டதைத் தடித்த கோட்டிலும், கீழே கிடப்பதை மெல்லிய கோட்டிலும், தலைக்கு மேலே இருப்பதை விட்டுவிட்டுப் போகும் கோட்டிலும் போட வேண்டும். இந்தத் தடிமன் வேறுபாட்டைத்தான் லைன் வெயிட் என்கிறார்கள்.

இப்போது நாங்கள் கோடு போடுவதில்லை. திரையில் சுவரை நிறுத்துகிறோம், தளத்தைப் பரப்புகிறோம், கூரையை ஏற்றுகிறோம். முழுக் கட்டடமும் மாடலாக நிற்கும். வரைபடம் வேண்டுமென்றால் மென்பொருளே அறுத்துக் காட்டும். ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஒரு பேனா எண் கொடுத்து வைத்திருக்கும். அறுபட்டதெல்லாம் அதற்கு ஒன்று. செங்கல்லும் அறுபட்டது, செங்கல் மேல் பூசிய பூச்சும் அறுபட்டது, பூச்சின் மேல் ஒட்டிய டைலும் அறுபட்டது. ஆகவே ஒரு சுவருக்கு ஆறு கோடு, ஆறும் ஒரே தடிமன். தரையின் டைல் கட்டங்களும் சேர்ந்துகொள்ளும். அந்த அக்கா சொன்னது சரி. காயப்போட்ட வலைதான் அது.

அப்படியானால் திருவட்டாற்றில் ஏன் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று மறுநாள் அலுவலகம் போகும் பேருந்தில் யோசித்துப் பார்த்தேன். அங்கே வீட்டுக்காரர்கள் வண்ணத்தில் அச்சடித்த முகப்புப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கொத்தனார் சந்தேகம் வந்தால் போனில் கேட்டார். என் வரைபடத்தை அதுவரை யாரும் படிக்கவே இல்லை. முதன்முதலில் உட்கார்ந்து படித்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், படித்ததும் சண்டை வந்துவிட்டது.

லைன் வெயிட் என்ற சொல்லைக் கல்லூரியில் முதல் வருடம் கேட்டபோது, பக்கத்தில் இருந்த மதுரைப் பெண் “கோட்டுக்கு என்னடி வெயிட்டு, எடை போட்டு விப்பாங்களா?” என்று கேட்டாள். எனக்கு அந்தக் குழப்பம் வரவில்லை. எங்கள் பக்கம் தடிமனுக்கும் பாரத்துக்கும் ஒரே சொல்தான், கனம். பலகைக்கும் கனம் பார்ப்போம், கயிற்றுக்கும் கனம் பார்ப்போம். போதாவிட்டால் ‘கனம் காணாது’ என்போம். காணாது என்றால் போதாது. விடுதியில் குழம்பு வாங்கும்போது “காணாது” என்று நான் சொல்ல, பரிமாறுகிற அம்மா என்ன காணோம் என்று தட்டைச் சுற்றித் தேடிய கதையை என் வகுப்பு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் கோட்டுக்குக் கனம் என்பது அந்த வகுப்பில் எனக்கு மட்டும்தான் உடனே புரிந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

*

திங்கட்கிழமை காலை சாமியாரிடம் கேட்டு, கோயிலின் பழைய வரைபடத்தை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பழுப்பேறிய டிரேசிங் தாளில் மையால் போட்டது. வரைந்தவர் யாரென்று ஊரில் எவருக்கும் தெரியாது. மூலையில் சுருக்கொப்பம் ஒன்று மட்டும் இருந்தது. அதை மேசையில் ஒட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதில் இருந்தது மூன்றே பேனா. அறுபட்ட சுவருக்கு ஒன்று, படிகளுக்கும் பீடத்துக்கும் ஒன்று, மற்றதுக்கெல்லாம் ஒன்று. பூச்சு இல்லை, தரைக்கல் இல்லை. சுவரின் இரண்டு விளிம்பு மட்டும். இரண்டு கோடு சந்திக்கும் மூலையில் ஒன்றையொன்று சற்றே தாண்டிப் போயிருந்தது. அதனால் மூலை இறுக்கிக் கட்டியது போல் தெரிந்தது. பேனா கோட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் நின்று வந்திருந்தது. அந்த இரண்டு இடத்திலும் மை கூடுதல். இன்னொன்றும் பார்த்தேன். கடல் பக்கத்துச் சுவரின் கோடு மற்ற மூன்று சுவரையும்விடக் கனமாக இருந்தது. உப்புக் காற்றில் மை ஊறியதா, வேண்டுமென்றே இரண்டு தடவை ஓட்டினாரா என்று அளந்து பார்த்தும் தெரியவில்லை. இன்றும் தெரியாது.

பக்கத்து நாற்காலியில் இருப்பவள் என் வயதுக்காரி, தக்கலையிலிருந்து வருபவள். என் திரையை எட்டிப் பார்த்து, “கையால போட்ட மாதிரி வேணும்னா அதுக்கு ஒரு பட்டன் இருக்கே” என்று அழுத்திக் காட்டினாள். எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் நடுங்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் இருவரும் அதைப் பார்த்தோம்.

“குடிச்சிட்டுப் போட்ட கோடு மாதிரி இருக்கு” என்றாள் அவளே.

அதை அணைத்தேன். கையால் போடுகிறவர் நடுங்குவதில்லை. கையால் போட்டதைக் கையால் போட்டதாக்குவது, எந்தக் கோட்டுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் முடிவு செய்ததுதான். அதற்குப் பட்டன் இல்லை. ஆகவே மென்பொருளின் பேனா அட்டவணையைத் திறந்து முதலிலிருந்து எழுதினேன். பூச்சையும் டைலையும் வரைபடத்தில் காட்டாமல் அணைத்தேன். செங்கல்லின் விளிம்புக்கு அரை மில்லிமீட்டர். படிகளுக்கும் திண்டுகளுக்கும் அதில் பாதி. கதவு திறக்கும் வளைவுக்கு இருப்பதிலேயே மெல்லியது. மூலைகளில் கோடு தாண்டிப் போவதற்கு மென்பொருளில் வழி இல்லாததால், அந்தச் சிறு வால்களை நானே தனித்தனியாகச் சேர்த்தேன். கூடத்தின் கடல் பக்கச் சுவரை மட்டும் பிடித்து ஒரு எண் கூட்டினேன். மாடலில் அது மற்றச் சுவர்கள் போல ஒன்பது அங்குலம்தான். தாளில் மட்டும் கனம்.

“ஏட்டி, கோட்டுக்குப் பவுடர் போட்டது போதும், பஸ்ஸு போயிரும்” என்று அவள் தினமும் சொல்லிவிட்டுப் போனாள்.

*

அலுவலக அச்சுப்பொறியில் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, புதன்கிழமை மாலை வீட்டுத் தரையில் விரித்தேன். அம்மா சந்தையிலிருந்து வந்து கை கால் கழுவியிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

“இது நம்ம கோயிலு” என்றாள். பிறகு, “இது ரோடு.” பிறகு, வரைபடத்தின் ஓரத்தில் நான் மங்கலாகப் போட்டிருந்த ஒரு வரிசையைத் தொட்டு, “இது என்னது?”

“அதுதான் கல்லு.”

“இது கனம் காணாது.”

அம்மா எதைக் காட்டினாலும் காணாது என்பாள். என் பாவாடைத் துணி கனம் காணாது, காப்பி கனம் காணாது, சின்னதில் எனக்கே கனம் காணாது என்று முட்டையாக ஊட்டியவள். ஆகவே நான் விளக்கினேன். “எம்மா, நம்ம எடத்துக்கு வெளிய உள்ளத மெலிசாத்தான் போடணும். அதுதான் முறை. கல்லுக்க கனம் வேற, கோட்டுக்க கனம் வேற.”

“ஒனக்குத்தான் வேற” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தரையில் உட்கார்ந்தபடியே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செயலாளர் அன்று தடித்த கோட்டைக் கல்லு என்று எடுத்துக்கொண்டது கண் தெரியாததால் அல்ல. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஒரு தாளைப் பார்த்தால் முதலில் கடல் எங்கே, கல்லு எங்கே என்றுதான் தேடுவார். மற்றதெல்லாம் அங்கிருந்து இத்தனை காலடி என்றுதான் அவருக்கு இடமாகும். என் முதல் வரைபடத்தில் கல்லே இல்லை. இல்லாத கல்லைத் தேடியவர் கண்ணுக்கு, இருந்ததில் தடித்த கோடு கல்லாகிவிட்டது. அவர் சரியாகத்தான் படித்தார். நான்தான் தப்பான இடத்தில் கனத்தை வைத்திருந்தேன்.

மறுநாள் கல்லைச் சுவருக்குச் சமமான கறுப்பில் போட்டேன், பாறைக்குப் பாறை உருவம் தெரியும்படி. எல்லைக்கோட்டைக் கதவு வளைவின் பேனாவுக்கு இறக்கினேன்.

அலுவலகத்தை நடத்துகிற சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “எல்லைய மெலிசாக்குனா பிளான் பாஸாவாது. பஞ்சாயத்துல திருப்பி விட்டிருவான்.”

“அங்க கொடுக்கதுக்கு வேற தாள் வச்சிருக்கேன் சார். அதுல தடியாத்தான் இருக்கு. இது ஊருக்கு.”

“ஒரு கட்டடத்துக்கு ரெண்டு பிளானா?”

“பிளான் ஒண்ணுதான் சார். கனம்தான் ரெண்டு.”

“நம்ம எடத்துலயே இல்லாத கல்லுக்கு இவ்வளவு கறுப்பு எதுக்கு? பாக்குறவன் சிரிப்பான்.”

“அவங்க அதுல இருந்துதான் அளப்பாங்க. கல்லு தெரியலேன்னா ஹாலு எங்க நிக்குன்னே தெரியாது.”

அவர் ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை. “ஞாயித்துக்கெழமை போயிட்டு வா, பெறவு பேசலாம்” என்றார். வேலை கைவிட்டுப் போனால் அது என் கணக்கில்தான் எழுதப்படும் என்பது எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை பெரிய தாளில் அச்செடுக்க நாகர்கோவில் போனேன். கடைக்காரர் தாளுக்கு அடங்கும்படி சுருக்கி ஓட்டிவிட்டார். மெல்லிய கோடெல்லாம் பாதி காணாமல் போய், தடித்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அளவு மாறக்கூடாது, சுருக்காமல் எடுங்கள் என்றேன். “எல்லாம் கோடுதானேம்மா, தெரியுதுல்ல?” என்றார். தெரிவது வேறு, கனம் காணுவது வேறு என்று அவரிடம் சொல்ல முடியாது. இன்னொரு தாள் எடுத்துக் கொடுத்தார். முதல் தாளுக்கும் சேர்த்து முறைத்துக்கொண்டே கொடுத்தார்.

*

இரண்டாவது கூட்டத்தில் நான் ஒரு வார்த்தையும் விளக்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு போனேன். விளக்கினால் அது என் வாயின் வேலை, கோட்டின் வேலை அல்ல. தாளை விரித்து, நான்கு மூலையிலும் பாட்டுப் புத்தகங்களை வைத்துவிட்டு, பின்னால் நகர்ந்தேன். போன வாரத்துச் செய்தி கேட்டு இன்னும் அதிகம் பேர் வந்திருந்தார்கள். அப்பா இந்த முறை அறைக்குள்ளேயே நின்றார், கதவுப் பக்கம்.

செயலாளர் கண்ணாடியை மாட்டினார். விரல் தாளின் மேல் கொஞ்சம் அலைந்தது. பிறகு நின்றது.

“இது கல்லு” என்றார்.

விரல் உள்ளே நகர்ந்தது. “இது வள்ளம் ஏத்துக எடம். அது அப்பிடியே இருக்கு, பாத்தியளா? இது நம்ம கோயிலு. இது… ஹாலு. இதுல ஏறி, இப்பிடி உள்ள போய்…” விரல் வாசல் வழியாக நுழைந்து, நடுவே நடந்து, மேடைப்படி ஏறியது. படிக்குப் படி தயங்கி ஏறியதை நான் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட அது சுவர் வழியாகப் போகவில்லை.

“நவுருங்க, நானும் பாக்கட்டு” என்று அந்த அக்கா வந்து குனிந்தார். அவருடைய விரல் நேராகப் பின்பக்கம் போனது. “சமையல்புரைக்க வாசலு எதுக்கு கடலப் பாத்து இருக்கு? ஆடிக் காத்துல அடுப்பு நிக்குமா?”

“கடப்புறத்துல இருந்து மீன அப்பிடியே உள்ள கொண்டுவரலாம்லா அக்கா” என்றேன். விளக்குவதில்லை என்ற முடிவு அங்கே முடிந்தது.

“கல்யாணத்துக்கு மீனா வைக்கப் போறோம்?”

“வைக்காம பின்ன?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “ஒனக்க மவன் கல்யாணத்துல நெய்மீன் காணாதுன்னு நீதானே சண்ட போட்ட.”

“வாய மூடுலே. அது வேற.”

அதிலிருந்து அரைமணி நேரம் சண்டை நடந்தது. நல்ல சண்டை. வாசல் கிழக்கே வேண்டும் என்று ஒரு பக்கம், கடல் பக்கமே இருக்கட்டும், ஒரு தடுப்புச் சுவர் போடலாம் என்று ஒரு பக்கம். ஒவ்வொருவரும் தாளின் மேல் கையை வைத்து, இங்கன அண்டா, இங்கன விறகு, இங்கன பந்தி என்று பேசினார்கள். கோடு திரியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. கோட்டைப் பற்றியே ஒருவரும் பேசவில்லை. சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் கிழக்கு என்று முடிவானது.

செயலாளர் சட்டைப்பையிலிருந்து நீலப் பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, என்னிடம் கேட்காமலே என் தாளில் வரைந்தார். எனக்குச் சுருக்கென்றது. பழைய வாசலை அடைத்துச் சுவராக்கினார். ஒரு கோடு போட்டுப் பார்த்தார். என் அச்சுக் கோட்டுக்குப் பக்கத்தில் அது இளைத்துத் தெரிந்தது. அதன் மேலேயே இன்னொரு தடவை ஓட்டினார், பிறகு அழுத்தி இன்னொரு தடவை. கிழக்கே புது வாசலைத் திறந்து, கதவு வளைவை மட்டும் பேனா படாமல் படுவது போல் மெல்லப் போட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கனம் காணுமா மக்கா?”

“காணும் மாமா.”

அவர் எல்லாரையும் பார்த்து, இந்த மாற்றத்தோடு பிளானுக்குச் சம்மதமா என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. எதிர்த்தவர்கள் தடுப்புச் சுவர்க் கட்சிக்காரர்கள் சிலர். அவர்களும் வாசலைத்தான் எதிர்த்தார்கள், வரைபடத்தை அல்ல. தாளைச் சுருட்டும்போது அந்த அக்கா அருகில் வந்து, “இது கையால போட்டதா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

“கம்ப்யூட்டர்ல போட்டது அக்கா. போட்டது நான்.”

அப்பா வெளியே எனக்காக நின்றுகொண்டிருந்தார். இருவரும் கல்லை ஒட்டி நடந்தோம். சுருளை அவர் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார், துடுப்பைக் கொண்டுபோவது போல.

“மக்களே, அந்தச் சும்மா கோடு எங்க போச்சு?”

“இருக்குப்பா. மெலிசா இருக்கு.”

“நான் பாக்கல்லியே.”

“பாக்காண்டாம்னுதான் அப்பிடிப் போட்டது.”

அப்பா சுருளைத் தோள் மாற்றிக்கொண்டு சிரித்தார்.